கையில் இடியில்லாத ஜீயஸ்

ஜீயஸ் என்று தேடினால் வரும் படம் எல்லோருக்கும் தெரியும். மேகத்தின் மேல் நிற்கும் கட்டுமஸ்தான வெண்தாடிக் கிழவர், ஓங்கிய கையில் ஈட்டி போல ஒரு மின்னல். கூடவே வரும் கட்டுரைகளில் பாதி அவருடைய காதல் விவகாரங்கள்: அன்னமாக வந்தது, காளையாக வந்தது, பொன்மழையாக வந்தது. அந்தப் படமும் அந்தக் கதைகளும் கிரேக்கர்களிடமிருந்து வந்தவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தத் தெய்வத்துக்குக் கிரேக்க உலகம் செய்து வைத்த மிகப் புகழ்பெற்ற உருவம், பண்டைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவில் இருந்தது. உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்தச் சிலையின் கையில் இடி கிடையாது. வலது உள்ளங்கையில் வெற்றித் தேவதை நிக்கே நின்றாள். இடக்கையில் பல உலோகங்கள் பதித்த செங்கோல், அதன் முனையில் ஒரு கழுகு. அவ்வளவுதான்.

வானத்துக்கே அதிபதியின் கையிலிருந்து வானத்தின் ஆயுதத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் அது மறதியாக இருக்க முடியாது. அவருடைய பெயரே வானம்தான். ஜீயஸ், ரோமரின் யூப்பிட்டர், ரிக் வேதத்தில் வரும் த்யௌஸ் பிதர் மூன்றும் ஒளிரும் வானத்தைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தவை. மழை வந்தால் 'ஜீயஸ் பெய்கிறார்' என்றே கிரேக்கர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்டவர் ஒலிம்பியாவில் இடியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று புரிய வேண்டுமானால் கதைப் புத்தகத்தை மூடிவிட்டு, அங்கே தினமும் என்ன வேலை நடந்தது என்று பார்க்க வேண்டும். என்ன விறகு, எந்தத் தண்ணீர், எவ்வளவு உயரம், யார் துடைத்தார்கள், எது விரிசல் விட்டது. நல்லவேளையாக, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற பௌசானியாஸ் என்ற பயணி இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்கும் ஆள்.

சாம்பல் மேடு

ஒலிம்பியாவில் ஜீயஸுக்குக் கோயில் கட்டி முடிந்தது கி.மு. 457 வாக்கில். வழிபாடு அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. கோயில் வந்த பிறகும் வழிபாட்டின் நடு இடம் கோயிலுக்குள் போகவில்லை. வெட்டவெளியில் இருந்த பலிபீடத்திலேயே தங்கிவிட்டது. கிரேக்கக் கோயில் என்பது சிலைக்கும் காணிக்கைப் பொருள்களுக்குமான வீடு. தெய்வத்துக்குரியதைத் தெய்வத்திடம் அனுப்பும் இடம் வெளியே, வானத்துக்குக் கீழே. வான தெய்வத்துக்குப் புகை போய்ச் சேர வேண்டும் என்றால் கூரை இடைஞ்சல்தானே.

அந்தப் பலிபீடம் கல்லால் ஆனதல்ல. பலியிட்ட விலங்குகளின் தொடை எலும்புகள் எரிந்த சாம்பலே குவிந்து குவிந்து பீடமாகியிருந்தது. பௌசானியாஸ் தரும் அளவுகள் இவை: அடித்தளமான முதல் மேடையின் சுற்றளவு 125 அடி, அதன் மேலிருந்த இரண்டாம் அடுக்கின் சுற்றளவு 32 அடி, மொத்த உயரம் 22 அடி. ஒலிம்பியாவில் வழங்கிய அடி ஏறக்குறைய 32 சென்டிமீட்டர். ஆக கீழே சுற்றிவர 40 மீட்டர், மேலே சுற்றிவர 10 மீட்டர், உயரம் 7 மீட்டர். இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்கு வெறும் சாம்பல். முதல் மேடைக்கு இருபுறமும் கல் படிகள். அங்கிருந்து உச்சிக்குப் போகும் படிகளும் சாம்பலாலேயே ஆனவை. விலங்கை அறுப்பது கீழ் மேடையில். தொடை எலும்புகளை மட்டும் மேலே தூக்கிச் சென்று எரிப்பார்கள். பெண்கள் ஒலிம்பியாவுக்குள் வர அனுமதி உள்ள நாட்களில் கீழ் மேடை வரை ஏறலாம். உச்சிக்கு ஆண்கள் மட்டும்.

ஏன் தொடை எலும்பு? கதை, பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்வது: மெக்கோனே என்ற இடத்தில் பிரமீதியஸ் ஒரு மாட்டைப் பங்கு பிரித்தார். இறைச்சியை இரைப்பைத் தோலில் மறைத்து ஒரு பக்கம் வைத்தார். வெறும் எலும்பை மினுமினுக்கும் கொழுப்பால் மூடி மறுபக்கம் வைத்தார். ஜீயஸ் கொழுப்பு மூடியதைத் தேர்ந்தார். அன்றுமுதல் எலும்பும் புகையும் தெய்வங்களுக்கு, இறைச்சி மனிதர்களுக்கு. இனி அடுப்பருகே நிற்பவனின் கணக்கு. தொடை எலும்பு மட்டும் தனியே சரியாக எரியாது. கொழுப்பைச் சுற்றினால் அந்தக் கொழுப்பே எரிபொருளாகித் தீயைப் பிடித்து நிறுத்தும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையும் சேர்ந்து எரியும். சூடு போதாவிட்டால் எலும்பு கரியாகி நின்றுவிடும். சூடு முழுமையாக ஏறினால் வெளுத்து, கையால் நொறுக்கக் கூடிய சுண்ணாம்புக் கட்டி போல ஆகும். எலும்போடு வாலையும் இடுப்பெலும்பையும் தீயில் வைப்பது வழக்கம். சூட்டில் வால் தானாகவே மேல்நோக்கிச் சுருண்டு எழும். கிரேக்கப் பானை ஓவியங்களில் பலிபீடத் தீயிலிருந்து வளைந்து நிற்பது அந்த வால்தான். வால் எழுந்தால் நல்ல சகுனம். இந்தக் காலத்தில் ஆய்வாளர்கள் மாட்டு வாலைத் தீயிலிட்டுப் பார்த்திருக்கிறார்கள்; அது உண்மையாகவே வளைந்து எழுகிறது.

விறகு விஷயத்திலும் கண்டிப்பு இருந்தது. ஜீயஸின் பலிக்கு வெள்ளைப் பாப்லர் மரத்தை மட்டுமே, ஒலிம்பியாவை நிர்வகித்த எலிஸ் நகர மக்கள் பயன்படுத்தினார்கள். புராண வீரர் ஹெராக்ளீஸ் அந்த மரத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்து, ஒலிம்பியாவில் அதைக்கொண்டே தொடை எலும்புகளை எரித்தார் என்று காரணம் சொன்னார்கள். ஆற்றங்கரையில் எளிதாக வளரும் மரம் அது. இலேசானது, சட்டெனப் பற்றி உயரமாக எரிவது. விறகை ஆளுக்கு ஆள் கொண்டுவர வேண்டியதில்லை. கோயில் பணியாளர்களில் விறகுக்காரர் என்றே ஒருவர் இருந்தார். ஊர்களுக்கும் தனியாருக்கும் நிர்ணயித்த விலையில் அவரே கொடுப்பார். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டம் மோதும் திருவிழாவில், நூறு எருதுகள் பலியாகும் நாளில், விறகு விலை என்னவாகும் என்று யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

வெட்டவெளியில் 7 மீட்டர் சாம்பல் எப்படிக் கரையாமல் நின்றது? ஒலிம்பியா இருக்கும் பெலோபொன்னீஸ் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் குளிர்காலத்தில் நல்ல மழை பெய்யும் நிலம். இதற்கான விடையைப் பௌசானியாஸ் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். ஆண்டுதோறும் எலாஃபியோஸ் மாதம் 19-ஆம் நாள், தேதி தவறாமல், குறிசொல்லும் பூசாரிகள் நகர மண்டபத்து அடுப்பிலிருந்து சாம்பலை எடுத்துவருவார்கள். அந்த அடுப்பு இரவும் பகலும் அணையாதது. சாம்பலை ஆல்ஃபியோஸ் ஆற்றுத் தண்ணீரில் குழைத்துப் பீடத்தின் மேல் பூசுவார்கள். வேறு தண்ணீரில் குழைக்கக் கூடாது. ஆறுகளிலேயே ஜீயஸுக்கு மிகப் பிடித்தது ஆல்ஃபியோஸ் என்பது அவர்கள் தரும் காரணம். எலாஃபியோஸ் என்பது இளவேனில் சமநாள் வரும் மாதம், அதாவது குளிர்கால மழை ஓயும் தறுவாய். மழை அரித்த பள்ளங்களை அடைத்து, வெயில் வருமுன் புதுப் பூச்சு கொடுத்து, அது நிதானமாகக் காய்ந்து ஓடு கட்ட விடும் பருவம். மரச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து உண்டு. குழைத்துப் பூசினால் மேல்பரப்பு இறுகும், அடுத்த மழைவரை உள்ளே இருப்பதைக் காக்கும். இதை வெறும் சடங்கு என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மண்சுவர் பூசுகிற ஒருவரிடம் ஒரு முறை கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அது சடங்கும்தான், பராமரிப்பும்தான். அந்த மக்களுக்கு இரண்டும் ஒரே வேலை.

இரத்தமும் கொழுப்பும் உள்ள இடத்தில் ஈ மொய்க்காமல் இருக்குமா? அதற்கும் ஜீயஸே பொறுப்பு. ஹெராக்ளீஸ் பலியிடும்போது ஈக்கள் தொல்லை தாங்காமல் 'ஈ விரட்டும் ஜீயஸ்' என்று வேண்டிப் பலியிட்டார், ஈக்கள் ஆற்றின் அக்கரைக்குப் போய்விட்டன என்பது கதை. எலிஸ் மக்கள் அதே பெயரில் தொடர்ந்து பலியிட்டு வந்தார்கள். பருந்து இறைச்சியைக் கவ்விக்கொண்டு போனால் பலி கொடுத்தவருக்குக் கெட்ட சகுனம். மின்னல் ஓங்கும் படத்துக்கும் ஈ விரட்டும் ஜீயஸுக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஆனால் அங்கே வாழ்ந்தவர்களுக்கு இரண்டாமவர்தான் அன்றாடம் தேவைப்பட்டவர்.

உள்ளே மரம், வெளியே தந்தம்

இனி கோயிலுக்குள். லிபோன் என்ற எலிஸ் நகரத்துக் கட்டடக்காரர் கட்டியது. நீளம் 64 மீட்டர், அகலம் 27 மீட்டருக்கும் மேல், முன்புறம் 6 தூண்கள், பக்கவாட்டில் 13. உள்ளூரில் கிடைத்த, சிப்பி கலந்த சொரசொரப்பான சுண்ணாம்புக் கல்லில் கட்டி, மேலே வெண்சாந்து பூசி வழவழப்பாக்கியிருந்தார்கள். சிலையைச் செய்த சிற்பி ஃபீடியாஸ் அங்கே வந்தது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஏதென்ஸில் அதீனாவின் பொன்-தந்தச் சிலையை கி.மு. 438-இல் முடித்த பிறகு. அதாவது கட்டடம் முன்பே முடிந்துவிட்டது, சுவரும் தூணும் நகராது. இருக்கிற அறைக்குள் ஜீயஸை உட்கார வைக்க வேண்டும்.

பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ இந்தச் சிலையைப் பற்றி ஒரு குறை சொன்னார்: உட்கார்ந்த நிலையிலேயே தலை கூரையைத் தொடுகிறது, எழுந்து நின்றால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவார், சிற்பி அளவைத் தவறவிட்டார் என்று. எனக்கு இது குறையாகப் படவில்லை. பீடம் 6.65 மீட்டர் அகலம், ஏறக்குறைய 10 மீட்டர் நீளம். உள்ளிருக்கும் இரண்டு தூண்வரிசைகளுக்கு நடுவே உள்ள இடத்தை அது முழுதாக அடைத்துக்கொள்கிறது. பீடத்தோடு சேர்த்து உருவத்தின் உயரம் 12 மீட்டருக்கும் மேல். அறையின் அகலமும் உயரமும் எவ்வளவு அனுமதிக்குமோ அவ்வளவையும் ஃபீடியாஸ் எடுத்துக்கொண்டார். வாசலில் நுழைகிறவருக்கு, இந்தக் கட்டடம் இவருக்குப் போதவில்லை என்று தோன்ற வேண்டும். கி.மு. 167-இல் அங்கே வந்த ரோமத் தளபதி எமிலியஸ் பாவ்லஸ் சிலையைக் கண்டதும் தெய்வமே நேரில் இருப்பதுபோல் அசைந்துபோய், வழக்கத்தைவிடப் பெரிய பலிக்கு உத்தரவிட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அளவைத் தவறவிட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இவ்வளவு பெரிய உருவத்தைத் தந்தத்தில் செதுக்க முடியாது. அவ்வளவு பெரிய தந்தம் எந்த யானையிடமும் இல்லை. உடலின் உள்ளே மரச் சட்டகம். அதன் மேல் உருவத்தின் வளைவுக்கேற்ப மரத்தைச் செதுக்கி, தோல் தெரியும் இடங்களில் தந்தத் தகடுகளையும் ஆடை, செருப்பு ஆகியவற்றில் பொன் தகடுகளையும் பொருத்தினார்கள். ஆடையில் விலங்குருவங்களும் அல்லி மலர்களும் இழைத்திருந்தன. அரியணையில் பொன், மணிக்கற்கள், கருங்காலி, தந்தம் எல்லாம் உண்டு. அரியணையின் நான்கு கால்கள் மட்டும் பாரத்தைத் தாங்கவில்லை. கால்களுக்கு நடுவே அதே எண்ணிக்கையில் தூண்களும் நின்றன. கீழே குனிந்து உள்ளே போக முடியாதபடி சுவர்போல மறைப்புத் தட்டிகள் வைத்து, அவற்றில் ஃபீடியாஸின் உறவினர் பனைனோஸ் ஓவியம் தீட்டியிருந்தார். தட்டி பக்திக்காக மட்டும் என்று நினைக்கக் கூடாது. இத்தகைய பெருஞ்சிலைகளின் உட்புறம் எப்படி இருக்கும் என்று எழுத்தாளர் லூசியன் சொல்லியிருக்கிறார்: குறுக்குச் சட்டங்கள், முட்டுகள், இப்புறமிருந்து அப்புறம் வரை அடித்த ஆணிகள், ஆப்புகள், கீல், களிமண், குடியிருக்கும் எலிகள். பார்க்கிறவர் கண்ணில் அது படக்கூடாது.

சிலை உருவான பட்டறை கோயிலுக்கு மேற்கே இருந்தது. பின்னாளில் அது கிறித்தவத் தேவாலயமாக மாற்றப்பட்டதால் சுவர்கள் தப்பின. 1950-களில் ஜெர்மானியத் தொல்லியலாளர்கள் அதைத் தோண்டினார்கள். நீளம் 32 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 14.5 மீட்டர், ஏறக்குறைய கோயிலின் உள்ளறையின் அளவேதான். காரணம் வெளிப்படை. சிலையை முழு உயரத்தில் பட்டறையிலேயே கூட்டிப் பார்த்து, ஒளி எப்படி விழுகிறது, தகடுகள் எங்கே இடிக்கின்றன என்று சரிசெய்து, பிறகு பிரித்துக் கோயிலுக்குள் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டியிருக்க வேண்டும். தந்தச் சிலும்புகள், எலும்புக் கருவிகள், தட்டாரின் சிறு சுத்தியல், கண்ணாடித் துண்டுகள், ஆடை மடிப்புகளை வார்க்கும் சுடுமண் அச்சுகள் எல்லாம் அங்கே கிடைத்தன. அச்சுகளில் உள்ள மடிப்புகள் ஜீயஸின் மேலாடைக்குச் சிறியவை. வேறொரு பெரிய பெண்ணுருவுக்கானவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அவற்றோடு கருப்பு மெருகு பூசிய சிறு மண் குவளை ஒன்றும் கிடைத்தது. அடியில் கீறியிருந்தது: 'நான் ஃபீடியாஸுடையது.' உலக அதிசயம் அழிந்து போயிற்று, அவர் குடித்த குவளை ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எண்ணெயா, தண்ணீரா?

பௌசானியாஸ் சிலையை வர்ணித்துக்கொண்டே வந்து, சட்டென்று தரையைப் பார்க்கிறார். சிலைக்கு முன்னே உள்ள தரை மட்டும் வெள்ளைக் கல் அல்ல, கருங்கல் பாவியது. அதைச் சுற்றி பாரோஸ் பளிங்கில் ஒரு விளிம்பு, ஊற்றும் ஆலிவ் எண்ணெய் வழிந்தோடாமல் தடுப்பதற்காக. ஒலிம்பியாச் சிலைக்கு எண்ணெய் நல்லது, ஒலிம்பியாவின் புனிதத் தோப்பான அல்டிஸின் சதுப்பு ஈரத்திலிருந்து தந்தத்தைக் காப்பது அதுதான் என்கிறார். அடுத்த வாக்கியத்திலேயே ஏதென்ஸுக்குத் தாவுகிறார்: அங்கே அதீனாவின் தந்தத்துக்கு எண்ணெய் உதவாது, தண்ணீர்தான் வேண்டும், கோயில் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்று உயரத்தில் இருப்பதால் மிகவும் வறண்டது. பிறகு எபிடௌரோஸ்: அங்கே மருத்துவத் தெய்வமான அஸ்க்ளீப்பியஸின் சிலைக்கு ஏன் எண்ணெயும் ஊற்றவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை என்று கோயில் ஊழியர்களிடமே கேட்டிருக்கிறார். சிலையும் அரியணையும் ஒரு கிணற்றின் மேல் அமைந்திருக்கின்றன என்று அவர்கள் பதில் சொன்னார்கள்.

ஜீயஸைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இந்தச் சில வரிகள்தான். அவருடைய கோபமும் காதலும் இதில் இல்லை. ஒரே பொருள், மூன்று ஊர், மூன்று காற்று, மூன்று வைத்தியம்.

தந்தம் ஈரத்தை உறிஞ்சும், விடும். உறிஞ்சும்போது உப்பும், விடும்போது சுருங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. தடித்த தந்தம் மெதுவாக மாறும். மெல்லிய தகடோ விரைவாக மாறும், ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் கிண்ணம்போல வளையும். அடியிலிருக்கும் மரமும் ஈரத்துக்கு அசையும், ஆனால் வேறு விதத்தில்: இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்குவாக்கில் நன்றாக அசையும். பொன் தகடு ஈரத்துக்கு அசையவே அசையாது. மூன்று பொருள்களும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்க, காற்று மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மூட்டுகள் திறக்கும். தகட்டின் விளிம்பு எழும்பும். விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சிய பசை ஈரத்தில் இளகும், வறட்சியில் நொறுங்கும். ஒலிம்பியா இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் நிலம் ஊறிக் கிடக்கும், கோடையில் வெயில் கொளுத்தும். ஆக அங்கே ஆபத்து ஈரம் மட்டுமல்ல. ஈரத்திலிருந்து வறட்சிக்கும் மறுபடி ஈரத்துக்கும் நடக்கும் ஊசலாட்டம்.

தந்தத்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் ஈரம் உள்ளே போவதும் வெளியே வருவதும் மந்தமாகும். முற்றிலும் நிற்காது; மந்தமானாலே போதும், தந்தமும் மரமும் திடுமென அசையாமல் மெல்ல அசையும். ஏதென்ஸின் உச்சியில் கதை வேறு. அங்கே தந்தம் ஏற்கெனவே காய்ந்து கிடக்கிறது, எண்ணெய் தடவினாலும் இல்லாத ஈரத்தை அது கொடுத்துவிடாது. முன்னால் தண்ணீர் தேங்கி நின்றால் அது மெல்ல ஆவியாகி அறையின் காற்றுக்கு ஈரம் சேர்க்கும். எபிடௌரோஸில் கிணறு அந்த வேலையைத் தானே செய்துகொண்டது. எண்ணெய்த் தொட்டியால் காற்றை மாற்ற முடியாது; அது ஆவியாகாது. ஆகவே ஒலிம்பியாவின் கருங்கல் தரையை நான் ஒரு மருந்துக் குளமாகப் பார்ப்பதில்லை. சிலையின் மேல் பூசிய எண்ணெய் வழிந்து சேரும் இடம், மறுபடி எடுத்துப் பூசும் இடம் என்பதே பொருந்துகிறது. இன்னொரு பயனும் கூடவே கிடைத்தது. சன்னல் இல்லாத அறை, கிழக்கு வாசல் வழியே மட்டும் வெளிச்சம். கருங்கல்லின் மேல் நின்ற எண்ணெய் கண்ணாடி போல அந்த ஒளியை வாங்கி, மேலே இருந்த பொன் முகத்தாடிக்கு அனுப்பியிருக்கும்.

எண்ணெய்க்கும் விலை உண்டு. ஆலிவ் எண்ணெய் உலர்ந்து படலமாக இறுகாத வகை. ஈரமாகவே இருந்து தூசியையும் விளக்குக் கரியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், நாளாக நாளாகக் காறிப் பிசுபிசுக்கும். பழையதைத் துடைத்தெடுத்துத்தான் புதியதைப் பூச வேண்டும். இந்த வேலைக்கென்றே ஒரு பரம்பரை இருந்தது. ஃபீடியாஸின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு எலிஸ் மக்கள் இந்த உரிமையைக் கொடுத்திருந்தார்கள். சிலையில் படியும் அழுக்கை நீக்கிப் பளபளப்பாக்குவது அவர்கள் பணி, அவர்கள் பெயரும் அதையே குறிக்கும். துடைக்கத் தொடங்குமுன் அவர்கள் ஜீயஸுக்குப் பலியிடவில்லை. கைவேலைக்குத் தெய்வமான எர்கானேக்குப் பலியிட்டார்கள். கோயிலுக்குள் தூண்களின் மேல் மாடங்கள் இருந்தன, கூரைவரை ஏறச் சுழல் வழியும் இருந்தது. தலையையும் தோளையும் அணுக அவை உதவியிருக்கும்.

இவ்வளவு செய்தும் தந்தம் பிளந்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் மெசீனி நகரச் சிற்பி தமோஃபோன் வந்து, விலகிய தந்தத் தகடுகளை மிகத் துல்லியமாகப் பொருத்திக் கொடுத்தார். எலிஸ் மக்கள் அதற்காக அவருக்குச் சிறப்புச் செய்தார்கள். சிலை செய்யப்பட்டு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழித்து நடந்தது இது. பௌசானியாஸ் பார்த்தபோது சிலைக்கு வயது 600. தன் நாளில் அது சிதைந்து கிடந்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஆற்றங்கரையில், மெல்லிய தந்தத் தகடுகளால் ஆன ஓர் உருவம் 600 ஆண்டுகள் நின்றது. ஃபீடியாஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். துடைத்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு முன்னால் வருவதில்லை.

திருட்டும் நடந்திருக்க வேண்டும். லூசியனின் நகைச்சுவை உரையாடல் ஒன்றில், ஒலிம்பியாவில் தன் பொன் முடிச்சுருள் இரண்டைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போனதாக ஜீயஸே சொல்கிறார், ஒவ்வொன்றும் ஆறு மினா எடை. நம் கணக்கில் இரண்டரைக் கிலோவுக்கு மேல். கதைதான், ஆனாலும் அச்சம் நிஜமானது. ஏதென்ஸில் அதீனாவின் 40 தாலந்துப் பொன்னைக் கழற்றி எடைபோடும்படியே செய்து வைத்தார்கள்.

இடி இருந்த இடம்

அப்படியானால் இடி எங்கே போயிற்று? சிலை முடிந்ததும், தன் வேலை உமக்குப் பிடித்திருந்தால் அடையாளம் காட்டும் என்று ஃபீடியாஸ் வேண்டினார், உடனே தரையில் இடி விழுந்தது என்று ஒலிம்பியாவில் சொன்னார்கள். விழுந்த இடத்தை மூடி ஒரு வெண்கலக் குடம் பௌசானியாஸின் நாளிலும் இருந்தது. சாம்பல் பீடத்துக்கு அருகே 'இறங்கி வரும் ஜீயஸ்' என்ற பெயரில் ஒரு பலிபீடம், நாலாபுறமும் வேலி போட்டு. இடி விழுந்த நிலத்தை மனிதர் மிதிக்கக் கூடாது என்பது கிரேக்கர் வழக்கம். ஃபீடியாஸ் இடியைக் கையில் கொடுக்காததற்கு இதுவே காரணம் என்று நான் எண்ணுகிறேன்: அது வானத்திலிருந்து தானே வர வேண்டியது, தச்சர் செய்து கையில் சொருகுவதல்ல.

இடி ஏந்திய ஜீயஸ் ஒலிம்பியாவில் இல்லாமலும் இல்லை. ஆலோசனை மண்டபத்தில் நின்ற 'ஆணை காக்கும் ஜீயஸ்' இரண்டு கைகளிலும் இடி வைத்திருந்தார். பொய் சொல்கிறவர்களை நடுங்க வைப்பதற்கென்றே செய்த சிலை என்கிறார் பௌசானியாஸ். அவர் முன்னால் அறுத்த பன்றியின் துண்டுகள் மேல் நின்று வீரர்களும் அவர்களுடைய தந்தைமாரும் சகோதரர்களும் பயிற்சியாளர்களும் ஆணையிட வேண்டும்: போட்டியில் முறைகேடு செய்யமாட்டோம் என்று. தொடர்ந்து பத்து மாதம் விதிப்படி பயிற்சி செய்தோம் என்று வீரர்கள் தனியாகவும் சொல்ல வேண்டும். ஆணையிட்ட பலியின் இறைச்சியை யாரும் உண்ணக்கூடாது என்பது பழைய வழக்கம். மீறியவர்கள் இருந்தார்கள். கி.மு. 388-இல் தெசலியின் யூபோலோஸ் எதிராளிகளான குத்துச்சண்டை வீரர்களுக்குப் பணம் கொடுத்து மாட்டிக்கொண்டார். விதித்த அபராதப் பணத்தில் ஆறு வெண்கல ஜீயஸ் சிலைகள் வார்த்து, ஓட்டக்களத்துக்குப் போகும் வழியில் நிறுத்தினார்கள். பின்னால் வந்த குற்றவாளிகளின் பணத்தில் வரிசை நீண்டது. சிலைகள் இன்று இல்லை, பீடக் கற்கள் மட்டும் அதே வழியில் வரிசையாக நிற்கின்றன.

பொது இடத்து ஜீயஸ் இப்படி. வீட்டு ஜீயஸ் இன்னும் சின்னவர். கிரேக்க வீடுகளின் பண்டக அறையில் 'உடைமை காக்கும் ஜீயஸ்' ஒரு மண்ஜாடியாக இருந்தார். புதிய, இரண்டு காதுள்ள, மூடி போட்ட ஜாடி. காதுகளில் வெள்ளைக் கம்பளி சுற்ற வேண்டும். உள்ளே தூய தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகை விளைபொருள்கள் கலந்து ஊற்ற வேண்டும். இந்தக் கலவைக்கு அமுதம் என்றே பெயர். தந்தத்தால் ஆன பெரியவருக்குக் கொடுத்த அதே எண்ணெய்தான் இங்கேயும்.

பொன்-தந்தச் சிலையை ரோமுக்கு எடுத்துச் செல்லப் பேரரசர் கலிகுலா ஆள் அனுப்பினார். சிலை பெருஞ்சிரிப்புச் சிரித்தது, சாரம் சரிந்தது, வேலைக்காரர்கள் ஓடினார்கள் என்று ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். பின்னர், கிறித்தவம் அரச சமயமாகிக் கோயில்கள் மூடப்பட்ட காலத்தில், அது கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போய் லவ்சோஸ் என்பவரின் மாளிகையில் நின்றது, கி.பி. 475 வாக்கில் நகரத்தில் பிடித்த தீயில் எரிந்தது என்று பைசாந்திய எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். உள்ளே இருந்தது மரம், நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெய் குடித்த மரம். கோயிலை நிலநடுக்கம் சாய்த்தது. தூண்களின் உருளைக் கற்கள் விழுந்த வரிசையிலேயே இன்றும் கிடக்கின்றன, பிறகு வந்த வெள்ளம் அவற்றின் மேல் மீட்டர் கணக்கில் வண்டல் போட்டு மூடியிருந்தது.

1875-இல் ஜெர்மானியர் அங்கே பெரும் அகழாய்வு தொடங்கியபோது கோயில் கிடைத்தது, ஓட்டக்களத்தின் வழி கிடைத்தது, அபராதச் சிலைகளின் பீடங்கள் கிடைத்தன. 22 அடிச் சாம்பல் பீடம் கிடைக்கவில்லை. எலாஃபியோஸ் மாதம் 19-ஆம் நாள் ஆற்றுத் தண்ணீரில் சாம்பலைக் குழைத்து வரும் ஆள் இல்லாமல் போன ஆண்டிலிருந்து மழை அதைக் கரைக்கத் தொடங்கியிருக்கும். எரிந்த கரிய மண் படலம் ஒன்று பரவிக் கிடந்தது. அதற்குள், கோயிலுக்கும் ஃபீடியாஸுக்கும் நூற்றாண்டுகள் முன்னே யாரோ பீடத்தருகே வைத்துவிட்டுப் போன சின்னச் சின்ன வெண்கலக் காளைகளும் மண் குதிரைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தன.